கிண்ணத்தை ஆட்டாத விருந்தாளி

எங்கள் நாட்டில் யாரையும் கைது செய்வதில்லை. இதை நான் சொல்லவில்லை. மானுடக் கண்ணியத்துக்கான தேசிய மன்றம் ஆண்டுதோறும் வெளியிடும் தடித்த அறிக்கை சொல்கிறது. வழவழப்பான தாள், அட்டையில் ஒரு வெள்ளைப் புறா. கைது என்ற சொல்லை அந்த அறிக்கையில் எங்கே தேடினாலும் கிடைக்காது. தேடிப் பார்த்த இரண்டொருவரும் இப்போது தேடினால் கிடைக்க மாட்டார்கள்.

கைதுக்குப் பதிலாக எங்களிடம் வேறொரு வழக்கம் இருக்கிறது. பளபளவென்று ஷூ போட்ட இரண்டு பேர் வாசலில் வந்து நிற்பார்கள். முகமெல்லாம் சிரிப்பு. "வாங்க, ஒரு கிண்ணம் காபி குடிச்சிட்டு வரலாம். அஞ்சே நிமிஷம்" என்பார்கள். விருந்துக்கு அழைத்தால் மறுக்கக் கூடாது என்று எங்கள் முன்னோர்கள் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். பாவம், எதை மனதில் வைத்துச் சொன்னார்களோ.

மிக்தாதையும் அப்படித்தான் அழைத்தார்கள். மிக்தாத் தண்ணீர் லாரி ஓட்டுகிறவன். காலையில் வானொலியில் 'உங்கள் குரல்' என்று ஒரு நிகழ்ச்சி வரும். "குடிமக்களே, தயங்காதீர்கள், மனம்விட்டுப் பேசுங்கள்" என்று அறிவிப்பாளர் தினமும் கெஞ்சுவார். யாரும் அதை நம்புவதில்லை. மிக்தாத் நம்பிவிட்டான். "எங்க தெருக் குழாயில காத்துதான் வருது. காத்து வர்றதுல எனக்குக் குறை ஒண்ணும் இல்ல. குளிர்காலமா இருக்கு, கொஞ்சம் சூடான காத்தா அனுப்பினீங்கன்னா தலையாவது காய வச்சுக்குவோம்" என்று பேசிவிட்டான். அறிவிப்பாளர் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். அவரையும் பிறகு காபிக்கு அழைத்தார்கள் என்று கேள்வி.

ஷூக்காரர்கள் வந்தபோது மிக்தாதின் மனைவி நுஹா பருப்பு சூப்பை அடுப்பிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தாள். மிக்தாத் வீட்டுச் செருப்பைக்கூட மாற்றவில்லை. "பருப்பு ஆறிடப் போகுது, மூடி வை. அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

பருப்பு ஆறியது. மறுநாள் புளித்தது. கொட்ட மனமில்லாமல் வைத்திருந்து, பூஞ்சை பூத்த பிறகு அழுதுகொண்டே கொட்டினாள். ஆலிவ் பறிக்கும் காலம் வந்து போயிற்று. மிக்தாத் வரவில்லை.

நுஹா பெண்களுக்கு முடி திருத்தும் கடை வைத்திருக்கிறவள். நாளெல்லாம் நின்றே வேலை பார்த்துப் பழகிய உடம்பு. உட்காரச் சொன்னால் வலது கால் தானாக ஆட ஆரம்பித்துவிடும். மிக்தாத் போன பிறகு அந்தக் கால் தூக்கத்திலும் ஆடியது. அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்து நடந்து அலுத்துப் போய், கடைசியில் பாதுகாப்புத் துறைக் கட்டடத்துக்கே நடந்தாள்.

வாயில் காவலன் நல்ல பையன்தான். "இங்க கைதி யாரும் இல்லியே அக்கா" என்றான்.

"கைதின்னு நான் சொன்னேனா? காபி குடிக்க வந்தாரு."

"அப்படிச் சொல்லுங்க. விருந்தாளி!" அவன் குரலைத் தாழ்த்தினான். "விருந்தாளியைப் பத்தி வெளியாள்கிட்டப் பேசலாமா? உங்ககிட்ட வந்து போறவங்களைப் பத்தி நீங்க தெருவில நின்னு பேசுவீங்களா?"

கடைக்கு வந்து போகிறவர்களைப் பற்றித் தெருவில் நின்று பேசுவது நுஹாவின் தொழிலில் பாதி. அதை அவனிடம் சொல்லவா முடியும்?

"மனசுல குறை இருந்தா கண்ணிய மன்றத்துக்குப் போங்க" என்று வழிகாட்டினான் காவலன். "எங்க ஆளுங்கதான் நடத்தறாங்க. பயப்படாம போகலாம்."

மன்றத்தின் கூடம் முழுக்கப் பளிங்கு. நடுவில் ஒரு செயற்கை நீரூற்று. மிக்தாத் பார்த்திருந்தால், தெருக்குழாயில் வராத தண்ணீர் எங்கே போகிறது என்று அவனுக்குப் புரிந்திருக்கும். புகார்ப் பிரிவில் ருவைதா என்ற பெண் உட்கார்ந்திருந்தாள். வாய் நிறைய அன்பு. "உட்காருங்க, உட்காருங்க, முதல்ல காபி குடிங்க" என்றாள். நுஹா உட்கார்ந்தாள். கால் ஆடியது. மேஜைமேல் கிண்ணம் கிணுகிணுத்தது.

"எங்க வீட்டுக்காரர் மிக்தாத்..."

"ஐயோ, பேர் வேண்டாம், பேர் வேண்டாம்!" ருவைதா காதைப் பொத்திக்கொண்டாள். "இது கண்ணிய மன்றம். உங்க தலைப்பிள்ளை பேர் என்ன?"

"ஃபாரிஸ். குவைத்துல ஏ.சி. மெக்கானிக்கா இருக்கான்."

"அப்ப உங்க வீட்டுக்காரர் அபூ ஃபாரிஸ். நீங்க உம் ஃபாரிஸ். எவ்வளவு அழகா இருக்கு!"

அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிடாமல் ஃபாரிஸின் அப்பா, ஃபாரிஸின் அம்மா என்று பிள்ளையை வைத்து மரியாதையாகக் கூப்பிடுவது எங்கள் பழக்கம். தெருவில் அது மரியாதை. மன்றத்தார் அதை விதியாக்கிவிட்டார்கள். ஒருவனுடைய பெயரை அரசாங்கக் கட்டடத்துக்குள் உச்சரித்தால் அவனுடைய கண்ணியம் கெட்டுவிடுமாம். பெயரில்லாத மனிதனைத் தேடுவது கஷ்டமாயிற்றே என்று கேட்டால், தேடுவது தங்கள் வேலையில்லை என்பார்கள்.

"சரி, சொல்லுங்க உம் ஃபாரிஸ். இழுத்துக்கிட்டுப் போனாங்களா?"

"இல்ல, கூப்பிட்டாங்க."

"அடிச்சாங்களா?"

"சிரிச்சாங்க."

"சிரிச்சாங்களா!" ருவைதாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப இது எங்க பிரிவுல வராதும்மா. நாங்க பார்க்கறது உரிமை மீறல். இது உபசாரம்."

"உபசாரத்துக்குப் போன மனுஷன் இன்னும் வீடு திரும்பலையே?"

"உபசாரம் ஜாஸ்தியாயிடுச்சுன்னு புகார் குடுக்கறீங்களா?" என்று ருவைதா உண்மையான வருத்தத்தோடு கேட்டாள். பிறகு இரக்கப்பட்டு மாடியில் உள்ள பொறுப்புக்கூறல் பிரிவுக்கு அனுப்பிவைத்தாள்.

அங்கே இருந்த அதிகாரி விரலில் தஸ்பீஹ் ஜெபமணி உருட்டிக்கொண்டிருந்தார். "எங்க பிரிவோட வேலை ரொம்பச் சுலபம். எதுக்கு யார் பொறுப்புன்னு கண்டுபிடிக்கணும். இதுவரைக்கும் வந்த புகார் அத்தனையும் நல்லா விசாரிச்சாச்சு. எல்லாத்துலயும் புகார் குடுத்தவங்கதான் பொறுப்புன்னு தெரிய வந்திருக்கு" என்றார். "உங்களோடதையும் விசாரிக்கட்டுமா?"

வேண்டாம் என்று நுஹா எழுந்துவிட்டாள். "இருங்க, காபி வருது" என்றார் அவர்.

இப்படிக் கிணற்றில் போட்ட கல்லாகவே அவள் வழக்கு கிடந்திருக்கும். ஆனால் மன்றத்தின் தலைவர் டாக்டர் ஷகீபின் மனைவிக்கு நரை மறைக்கிறவள் நுஹாதான். எங்கள் நாட்டில் நீதிக்குப் போகும் பாதை பெரும்பாலும் இந்த மாதிரிச் சாயக்கிண்ணங்கள் வழியாகத்தான் போகிறது. ஒருநாள் அந்த அம்மாள் தலை பாதி கறுப்பும் பாதி வெள்ளையுமாக உட்கார்ந்திருந்தபோது நுஹா தூரிகையைக் கீழே வைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னாள். மறுநாளே டாக்டர் அவளைச் சந்தித்தார்.

"உம் ஃபாரிஸ், நான் மனித உரிமையில டாக்டர் பட்டம் வாங்கினவன். ஜெனீவாவுல இருந்தவன்" என்று ஆரம்பித்தார். சன்னல் பக்கம் திரும்பி, அங்கே ஒரு கூட்டம் நிற்பதைப் போலப் பேசினார். "அந்த ஊர்ல நண்பன் கூப்பிட்டுப் போனாக்கூட அவனவன் காபிக்கு அவனவன்தான் காசு குடுக்கணும். இங்க நம்ம அரசாங்கம் யார்கிட்டயாவது காபிக்குக் காசு கேட்டிருக்கா? யோசிச்சுப் பாருங்க! நம்ம வழக்கம் என்ன? விருந்தாளி கிண்ணத்தை நீட்டிக்கிட்டு இருக்கற வரைக்கும் ஊத்திக்கிட்டே இருக்கணும். போதும்னா அவர் கிண்ணத்தை இப்படி லேசா ஆட்டணும். உங்க வீட்டுக்காரர் இன்னும் ஆட்டலை. ஆட்டாத விருந்தாளி கையிலேர்ந்து கிண்ணத்தைப் பிடுங்கி, போய்யா வீட்டுக்குன்னு அனுப்பச் சொல்றீங்களா? அதுதாம்மா மனித உரிமை மீறல்!"

தன் பேச்சில் தானே உருகிப்போய்க் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அவருக்குக் காபியே ஒத்துக்காது டாக்டர். நெஞ்செரிச்சல் வரும். வீட்ல டீதான்."

"பார்த்தீங்களா! ஒத்துக்காதவரே மறுக்காம குடிச்சுக்கிட்டு இருக்காருன்னா, அந்த உபசாரம் எப்படிப்பட்டதா இருக்கணும்!"

நுஹாவுக்குத் தலை சுற்றியது. இருந்தாலும் டாக்டர் நியாயமானவர்; மனைவியின் தலை இன்னும் பாதிதான் கறுத்திருந்தது. உண்மையறியும் குழு ஒன்றை உடனே அமைத்தார். மூன்று பேர் கோட்டு போட்டுக்கொண்டு பாதுகாப்புத் துறைக் கட்டடத்துக்குப் போனார்கள். திரும்பி வந்தபோது மூன்று பேர் மீதும் ஏலக்காய் மணத்தது.

"காபி நல்ல பதம். ஏலக்காய் தாராளம்" என்றார் முதலாமவர்.

"பேரீச்சம்பழம் மெத்து மெத்துன்னு இருந்தது" என்றார் இரண்டாமவர்.

"அவரைப் பார்த்தீங்களா?" என்றாள் நுஹா.

"நாங்க முன்னறையில உட்கார்ந்திருந்தோம். விருந்துக்குப் போன வீட்ல உள்ளறையை எட்டிப் பார்க்கறது நல்லாவா இருக்கும்?"

"உள்ளேர்ந்து சத்தம் ஏதாவது கேட்டுச்சா?"

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வயதில் மூத்தவர் தன் கோட்டுப் பொத்தானைத் திருகினார். "பாட்டுப் போட்டிருந்தாங்க" என்றார். "கொஞ்சம் சத்தமாவே போட்டிருந்தாங்க."

அதுவரை நுஹாவுக்கு இருந்தது கவலையும் எரிச்சலும்தான். அந்தப் பாட்டைக் கேள்விப்பட்ட பிறகுதான் பயம் வந்தது. வீட்டுக்குப் போய் வானொலியைக் கழற்றிப் பரணில் போட்டாள். பக்கத்து வீட்டில் பாட்டு வைத்தால்கூட எழுந்து நடக்க ஆரம்பித்தாள்.

மன்றம் அவளைக் கைவிட்டுவிடவில்லை. உண்மையறியும் குழுவுக்கு அடுத்தபடியாக அவளுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். கடற்கரை ஹோட்டல் ஒன்றில், 'காத்திருப்போருக்கான திறன் வளர்ப்புப் பட்டறை.' கூடம் நிறையப் பெண்கள். எல்லாருடைய கணவனோ மகனோ அண்ணனோ காபிக்குப் போயிருந்தார்கள். பயிற்சியாளர் மேல்நாட்டில் படித்த ஒல்லியான இளைஞன். "மூச்சை உள்ள இழுங்க. காத்திருக்கறதும் ஒரு பயணம்தான். இப்ப வெளிய விடுங்க" என்றான். நுஹா இழுத்த மூச்சை வெளியே விட மறந்துவிட்டாள். அவள் கால் ஆடிய ஆட்டத்தில் முன்வரிசை நாற்காலி நகர்ந்தது.

கழுத்தில் மாட்டிக்கொள்ள ஆளுக்கொரு அட்டை கொடுத்திருந்தார்கள். நுஹாவின் அட்டையில் உம் ஃபாரிஸ். பக்கத்தில் காய்கறிச் சந்தைக்காரி ஒருத்தி, நல்ல பருமன், அவள் அட்டையிலும் உம் ஃபாரிஸ்.

"அட, நீயும் ஃபாரிஸுக்கு அம்மாவா!" என்று அந்த அம்மாள் அவளை இடித்தாள். "உன் ஆளு எப்பப் போனாரு?"

"ஆலிவுக்கு முன்னாடி."

"அடியே, புதுசா நீ! என் ஆளு போனப்ப இந்த ஹோட்டல் இருந்த இடத்துல ஆடு மேஞ்சுது." அவள் ரவிக்கைக்குள்ளிருந்து ஒரு புகைப்படம் எடுத்துக் காட்டினாள். அடர்ந்த மீசை, இடது புருவத்தை இரண்டாகப் பிளந்த ஒரு பழைய வெட்டுத் தழும்பு. "கல்யாணத்தன்னிக்குத் துப்பாக்கி சுட்டுக் கொண்டாடறேன்னு போய் வாங்கின காயம். கிறுக்கன்." படத்தை முத்தமிட்டு உள்ளே வைத்தாள். "மத்தியானம் மீனை எடுத்துக்க. போன பட்டறையில கோழி போட்டாங்க, வாயில வைக்க முடியல."

"உங்களால எப்படிச் சாப்பிட முடியுது?"

"தின்னாத்தாண்டி அடுத்த பட்டறைக்கு வரத் தெம்பு இருக்கும்" என்றாள் பெரிய உம் ஃபாரிஸ்.

நுஹாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. மீன் நன்றாகவே இருந்தது. அதற்காகவும் அழுதாள்.

இந்தச் சமயத்தில்தான் வெளிநாட்டிலிருந்து மனித உரிமைக் குழு ஒன்று வருவதாகத் தகவல் வந்தது. மன்றம் பரபரத்தது. நீரூற்றுக்கு நீல விளக்குப் போட்டார்கள். டாக்டர் நுஹாவைக் கூப்பிட்டனுப்பினார்.

"நீங்கதான் எங்க வெற்றிக் கதை" என்றார்.

"நானா?"

"புகார் குடுத்தீங்க, கேட்டோம். குழு அனுப்பினோம். பயிற்சி குடுத்தோம். ஒரு குடிமகளுக்கு இதுக்கு மேல என்ன வேணும்?"

"என் புருஷன் வேணும் டாக்டர்."

"அதைத் தவிர" என்றார் டாக்டர்.

விழா நாளில் பளிங்குக் கூடத்துக்குள்ளேயே ஆட்டுமயிர்க் கூடாரம் போட்டிருந்தார்கள். தரையில் கம்பளம், சாய்ந்துகொள்ளத் திண்டுகள், எரியாத ஒரு கணப்பு. டாக்டரின் குலத்துப் பெரியவர் ஷேக் மின்வரைப் பாலைவனத்திலிருந்து வரவழைத்து நடுவில் உட்கார வைத்திருந்தார்கள். அவர் எதுவும் பேச வேண்டியதில்லை, தாடி இருந்தால் போதும் என்று ஏற்பாடு. குழுவின் தலைவி நெட்டையான ஒரு வெள்ளைக்கார அம்மாள். எங்கள் பழக்கவழக்கங்களைப் பற்றி விமானத்திலேயே ஒரு புத்தகம் படித்துவிட்டு வந்திருந்தாள். யார் என்ன செய்தாலும் உடனே அதையே செய்தாள்.

டாக்டர் பேசினார். "எங்கள் சிறைகள் காலியாக இருக்கின்றன. எங்கள் விருந்தறைகள் நிரம்பியிருக்கின்றன. உலகத்தில் வேறெந்த அரசாவது தன் குடிமக்களை விட்டுப் பிரிய இவ்வளவு மனமில்லாமல் இருக்கிறதா?" என்று கேட்டார். கூடம் கைதட்டியது.

பிறகு பரிசாரகர் மூக்கு நீண்ட பித்தளைக் கெண்டியோடு வந்து வரிசையாக ஊற்றினார். நுஹாவின் கையிலும் ஒரு கிண்ணம் வந்து சேர்ந்தது. அந்தச் சின்னக் கிண்ணத்துக்குள்ளிருந்து ஏலக்காய் மணம் எழும்பியது. உண்மையறியும் குழு அன்று கொண்டு வந்த அதே மணம். அதற்குப் பின்னால் சத்தமாக வைத்த அந்தப் பாட்டும் கேட்பது போலிருந்தது. குடிக்கவும் முடியவில்லை, கையில் வைத்திருக்கவும் முடியவில்லை. கிண்ணத்தைக் கம்பளத்தின் மேல் வைத்துவிட்டாள்.

சத்தியமாக, அவள் எதையும் திட்டமிட்டு வரவில்லை. கை தானாகச் செய்தது. ஆனால் கூடாரத்தில் இருந்த எங்கள் ஆட்கள் அத்தனை பேருக்கும் மூச்சு நின்றுவிட்டது.

எங்கள் மண்ணில் பெண் கேட்கப் போனாலும் சரி, கொலைப்பழிக்குச் சமாதானம் பேசப் போனாலும் சரி, போனவர் முதல் கிண்ணத்தைக் குடிக்காமல் கீழே வைப்பார். கேட்டதைக் கொடுக்கிறேன் என்று வீட்டுக்காரர் வாயால் சொல்லும்வரை தொடமாட்டார். விருந்தாளி ஆறிப்போன கிண்ணத்தை விட்டுவிட்டு எழுந்து போனால் அந்த வீட்டுக்காரரின் குலம் ஊரில் தலைகாட்ட முடியாது. அந்த ஒரு கிண்ணத்துக்குப் பயந்து ரத்தப்பழியைக்கூட மன்னித்தவர்கள் உண்டு.

வெள்ளைக்கார அம்மாள் நுஹாவைப் பார்த்தாள். ஓகோ, இதுதான் முறை போலிருக்கிறது என்று நினைத்துத் தன் கிண்ணத்தையும் கீழே வைத்தாள். அவளைப் பார்த்து அவள் குழுவினர் வைத்தார்கள். விருந்தாளிகள் வைத்த பிறகு உள்ளூர்க்காரர் குடிக்கலாமா? துணை அமைச்சர் வைத்தார். தஸ்பீஹ் அதிகாரி வைத்தார். ருவைதா வைத்தாள். கம்பளம் முழுக்கக் கிண்ணங்கள். பரிசாரகர் கெண்டியைப் பிடித்தபடி "அல்லாஹ்வே, காப்பாத்து" என்று முணுமுணுத்தார்.

"ஷகீப்!" என்றது தாடி. "விருந்தாளிங்க கிண்ணம் கீழ இருக்கு."

"ஷேக், இது வந்து... அலுவலகக் கூட்டம்..."

"அலுவலகக் கூட்டம்னா எதுக்குடா கூடாரம் போட்டே?"

டாக்டருக்கு ஜெனீவாவில் இதற்குப் பதில் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

"முதல்ல வச்சது அந்தப் பொண்ணுதான்" என்றார் ஷேக் மின்வர். "என்னம்மா வேணும் உனக்கு?"

நுஹா எழுந்து நின்றாள். நின்றால்தான் அவளுக்குப் பேச்சு வரும். "புதுசா ஒண்ணும் கேக்கலை ஷேக். என் வீட்டுக்காரரைக் காபிக்குக் கூப்பிட்டாங்க. அவர் இன்னும் கிண்ணத்தை ஆட்டலையாம், அதான் அனுப்பலைன்னு மன்றம் சொல்லுது. அவர் கூச்ச சுபாவம். அவருக்காக நான் ஆட்டிடறேன். ஆனா குடிக்காம கிண்ணத்தை ஆட்ட முடியாது. கேட்டது கிடைக்காம குடிக்க முடியாது."

என்ன சொல்கிறாள் என்று வெள்ளைக்கார அம்மாள் கேட்டாள். "காபி சூடாக இருப்பதாகச் சொல்கிறார்" என்று மொழிபெயர்ப்பாளர் மொழிபெயர்த்தார்.

ஷேக் தன் தாடியைக் கையில் பிடித்துக்கொண்டார். அப்படிப் பிடித்தால் அந்தப் பேச்சுக்குத் தன் மானத்தையே பணயம் வைக்கிறார் என்று பொருள். "சொல்லுடா" என்றார்.

டாக்டரின் நெற்றியில் வேர்வை அரும்பியது. "குடிம்மா" என்றார் மெல்ல. "கேட்டது குடுத்தாச்சு."

"இப்பவே சொல்லியனுப்பு" என்றார் ஷேக்.

டாக்டர் திரும்பிக்கொண்டு கைபேசியில் கிசுகிசுத்தார். "ஆமா, நான்தான். உங்க விருந்தாளி ஒருத்தரை அனுப்பிவைக்கணும். அபூ ஃபாரிஸ்... ஆமாய்யா, அபூ ஃபாரிஸ். பேரா? பேரெல்லாம் எதுக்கு? இது கண்ணிய மன்றம். தெருவைச் சொல்றேன், எழுதிக்கங்க."

நுஹா கிண்ணத்தை எடுத்தாள். ஆறிப்போய்க் கசந்தது. ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கையை உயர்த்தி எல்லார் கண்ணிலும் படும்படி ஆட்டினாள். வெள்ளைக்காரர்களும் குடித்துவிட்டு உற்சாகமாக ஆட்டினார்கள். புகைப்படம் மிக நன்றாக வந்தது.

மறுநாள் நுஹா கடை திறக்கவில்லை. பருப்பு சூப் வைத்தாள். சீரகம் வறுத்துப் போட்டாள், எலுமிச்சை பிழிந்தாள். வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தாள். பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடித்த கொஞ்ச நேரத்தில் வாசலில் ஒரு கார் நின்று, கதவு சாத்தும் சத்தம் கேட்டது. கார் உடனே போய்விட்டது. ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள்.

வாசலில் ஒரு கிழவர் நின்றுகொண்டிருந்தார். தாடி முழுக்க வெள்ளை. சட்டை, அதற்குள் இன்னொருவரும் நுழையலாம் போலத் தொங்கியது.

"அபூ ஃபாரிஸ் வீடு இதுதானே?" என்றார் அவர் தயங்கித் தயங்கி. "இதுதான் உங்க வீடுன்னு இறக்கிவிட்டாங்க. எனக்கு அடையாளம் தெரியலை. ரொம்பக் காலமாச்சா, நான்தான் மறந்துட்டேன் போலன்னு நினைச்சேன்." அவளைக் கூர்ந்து பார்த்தார். "நீ... நீ அவ இல்லையேம்மா?"

இடது புருவம் இரண்டாகப் பிளந்திருந்தது.

அந்த நொடியில் நுஹாவுக்கு அந்த மனிதரைப் பிடிக்கவில்லை. உள்ளதைச் சொல்ல வேண்டும். கதவை அவர் முகத்தில் அறைந்து சாத்திவிட்டு, மறுபடி திறந்தால் மிக்தாத் நிற்க மாட்டானா என்றுகூடத் தோன்றியது. பிறகு அவர் கால்களைப் பார்த்தாள். வெறுங்கால். நகங்கள் சரியாக இல்லை. கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்து உட்கார வைத்தாள். காய்கறிச் சந்தைக்குப் போன் போட்டுப் பெரிய உம் ஃபாரிஸை உடனே வரச் சொன்னாள். எதற்கு என்று சொல்லாமலே போனை வைத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்தவருக்கு என்ன கொடுப்போம்? காபி போட்டுக் கொடுத்தாள். அவர் இரண்டு கையாலும் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு மணத்தை முகர்ந்துகொண்டே இருந்தார். குடித்தார், நீட்டினார். ஊற்றினாள். மறுபடி நீட்டினார்.

"அங்க குடுத்திருப்பாங்களே" என்றாள், ஏதாவது பேச வேண்டுமே என்று.

"எதை?"

"காபி."

அவர் அவளைச் சிறுபிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தார். "அத்தனை காலத்துல ஒரு சொட்டுக் காபி கண்ணால பார்த்ததில்லம்மா" என்றார்.

அப்புறம் மூக்கை உறிஞ்சினார். அடுப்படிப் பக்கம் திரும்பினார். "பருப்பா அது?"

"ஆமா. சாப்பிடறீங்களா?"

"சாப்பிடறேன். பருப்புன்னதும் ஞாபகம் வந்துச்சு. சுவத்துக்கு அந்தப் பக்கம் ஒருத்தன் இருக்கான். முகம் பார்த்ததில்ல, குரல்தான். ஒண்ணையே கேப்பான். 'பருப்பு ஆறிடுச்சா? பருப்பு ஆறிடுச்சா?' பாட்டை நிறுத்தினதும் கேக்க ஆரம்பிச்சுடுவான். கிறுக்குப் பய போலன்னு நாங்க சிரிப்போம்." அவர் நிறுத்தினார். "ஏம்மா, ஏன் உட்கார்ந்துட்டே?"

நுஹா தரையில் உட்கார்ந்திருந்தாள். உயிரோடு இருக்கிறான். பேசுகிறான். அவளுடைய அடுப்பை நினைத்துக்கொண்டிருக்கிறான். அழுகை அடங்க வெகுநேரம் ஆயிற்று. அதற்குள் பெரிய உம் ஃபாரிஸ் கூடையும் கையுமாக வாசலுக்கு வந்துவிட்டாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். கூடை கீழே விழுந்து தக்காளி நான்கு திசையிலும் உருண்டது. அந்த அம்மாள் கிட்டே போய், அவருடைய பிளந்த புருவத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துக்கொண்டே நின்றாள். நுஹா அடுப்படிக்குப் போய்ப் பருப்பைச் சுட வைத்தாள்.

மறுநாள் காலை டாக்டர் ஷகீப் மிகவும் சந்தோஷமாக இருந்தார். "அல்ஹம்துலில்லாஹ்! வந்துட்டாரா?"

"வந்தவர் என் வீட்டுக்காரர் இல்ல டாக்டர்."

டாக்டர் கொஞ்சம் யோசித்தார். "உம் ஃபாரிஸ் கேட்டாங்க, அபூ ஃபாரிஸ் வந்தாரு. இதுல மன்றத்தோட தப்பு எங்க இருக்கு?" என்றார். "வெளிநாட்டுக் குழு போயாச்சு. ஷேக்கும் ஊருக்குப் போயாச்சு. அடுத்த வருஷம் பார்க்கலாம். இன்ஷா அல்லாஹ். உட்காருங்க, ஒரு கிண்ணம் கா..."

சொல் பாதியில் நின்றது. ஆனால் பரிசாரகர் பழக்க தோஷத்தில் தட்டோடு உள்ளே வந்துவிட்டார். நுஹா ஒரு கிண்ணத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அவளுக்குப் பின்னாலேயே பெரிய உம் ஃபாரிஸ் நுழைந்து, இன்னொன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள்.

"உங்க ஆளுதான் வந்தாச்சேம்மா!" என்று டாக்டர் அலறினார்.

"இவ ஆளு வரலையே" என்றாள் அவள், நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தபடி.

பட்டறைக்கு வந்த பெண்கள் கதவுக்கு வெளியே வரிசையாக நின்றிருந்தார்கள். ஒவ்வொருத்தியாக உள்ளே வந்தார்கள். தட்டு காலியானதும் ருவைதா, யாரும் சொல்லாமலே, இன்னொரு தட்டுக் கொண்டு வந்தாள்.

"நாளையிலேர்ந்து இந்தக் கட்டடத்துல காபியே கிடையாது!" என்று டாக்டர் எழுந்து நின்று கத்தினார். "டீதான்!"

"டீயையும் கிண்ணத்துலதானே ஊத்துவீங்க" என்றாள் நுஹா. "என் வீட்டுக்காரர் பேர் மிக்தாத். சத்தமாச் சொல்லிப் பழகிக்குங்க."

சொல்லிவிட்டு நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். கால் ஆடவில்லை. மேஜை முழுக்கக் காபி ஆற ஆரம்பித்தது.